வாசல்ல ஒரு ஜோடி கூட

ஒரு ஊர்ல ஒரு காத்தமுத்து இருந்தாரு. ஃபயர் சர்வீஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவரு. யாரு வந்தாலும் முதல்ல மூஞ்சியைப் பாக்க மாட்டாரு, வாசல்ல விட்ட செருப்பைத்தான் பாப்பாரு. பெரியம்மா சொல்றேன்ல, ம் கொட்டுடி.

"ம்."

தீப்பிடிச்ச வீட்ல, உள்ள யாரு இருக்கான்னு கேட்டா, பதட்டத்துல எதையாவது சொல்லுவாங்க. அதனால இவரு செருப்பை எண்ணுவாரு.

ஒரு நாள் ஒரு கூரை வீடு, சடசடன்னு எரியுது. "எல்லாரும் வந்துட்டோம்"னாங்க. ஆனா எண்ணிப் பாத்தா, ஆளுங்களை விட வாசல்ல சின்னதா ஒரு ஜோடி கூட இருக்கு. உள்ள போனா, கண்ணாமூச்சி விளையாட வந்த பக்கத்து வீட்டுப் பிள்ளை, நெல்லுக் குதிருக்குப் பின்னாடி! தூக்கிட்டு ஓடி வந்துட்டாரு.

அப்புறம் ஒரு அப்பளக் கம்பெனி. குபுகுபுன்னு புகை. "லீவு, யாருமில்ல"ன்னாரு முதலாளி. வாசல்ல ஒரு செருப்பு. மாவு மூட்டை மேல அசந்து தூங்கின பொம்பளையை உள்ள வச்சே பூட்டியிருக்கானுக! அவங்களும் பிழைச்சாங்க.

"ம்."

அப்புறம் ஒரு மாடி வீடு. வீட்டுக்காரரை வெளிய இழுத்துப் போட்டாச்சு, பேச்சு மூச்சில்ல. வாசல்ல ஒரு பொம்பளைச் செருப்பு. கூட வேலை பாத்த சந்தானம், "நான் போறேண்ணே"ன்னு போனான். தேடினான், தேடினான். டமார்னு உத்தரம் விழுந்துச்சு.

"அந்த அம்மா?"

அவரு பொண்டாட்டி அவங்க, எப்பவோ செத்துட்டாங்க. ஞாபகத்துக்குன்னு செருப்பை வாசல்லயே விட்டிருக்காரு அந்த மனுஷன்.

"சந்தானம்?"

வரல.

அப்புறம் போன தையில காத்தமுத்து பொண்டாட்டி பேச்சியம்மா போய்ச் சேந்துட்டாங்க. சுடுகாட்ல இருந்து வந்தவரு, நேரா வாசல்ல கிடந்த அவங்க ரப்பர் செருப்பை எடுத்தாரு. மக கையைப் பிடிச்சா.

"கிடக்கட்டும்ப்பா. அம்மா உள்ள இருக்கிற மாதிரி இருக்கும்."

"அதனாலதாம்மா எடுக்குறேன். இதை நம்பி எவனாச்சும் உள்ள போவான்."

கல்நெஞ்சுக்காரன்னு சொந்தக்காரங்க முணுமுணுத்தாங்க. சொல்றவங்களுக்கு என்ன, சொல்லிட்டுப் போவாங்க.

"அவரு அழலையா பெரியம்மா?"

அழுதாரு. செருப்பைக் கொண்டுபோய் கொல்லைப்பக்கம் வச்சிட்டு, அப்புறம் உக்காந்து அழுதாரு.

"...என் செருப்பு எங்க?"

வாசல்லதான் இருக்கு. நீதான் உள்ள இருக்கியே.

"ம்."

அவ்ளோதான், கதையும் படுத்தாச்சு. நீயும் கண்ணை மூடு.