சுவருக்குச் சொன்ன சமாதானம்

"சாமி, பாஸ்கு வந்துட்டுப் போயிருச்சு. எனக்குள்ள ஒண்ணும் உயிர்க்கலையே," என்றார் சந்தியாகு.

பங்குச்சாமி லியோன் தீர்த்தத்தை வாளியில் மொண்டுகொண்டிருந்தார். இயேசு உயிர்த்த பாஸ்குத் திருநாள் கழிந்து, வீடு வீடாகத் தீர்த்தம் தெளித்து மந்திரிக்கும் வாரம் அது.

"தவசுகாலம் முழுக்கக் கவுச்சி தொடலை. மீன்கூடத் தொடலை. கடக்கரையில பொறந்தவன் சாமி நான்! இன்னும் என்னதான் செய்யணும்?"

"இந்த வாளியைப் பிடிங்க," என்றார் சாமி.

சந்தியாகு பிடித்துக்கொண்டார்.

சாமிக்கு அவர் மகன் வயதுதான் இருக்கும். ஆனாலும் சந்தியாகு குருவாக ஏற்றுக்கொண்டது இந்த ஒருவரைத்தான். முன்பிருந்த சாமிமாரில் ஒருவர் வணக்கத்துக்குப் பதில் வணக்கம் சொல்லாதவர். இன்னொருவர் பணக்காரன் வீட்டுச் சாவுக்கு மட்டும் நீளப் பிரசங்கம் வைத்தவர். எதையும் சந்தியாகு மறந்தவரில்லை. இவரிடமும் குறை தேடித்தான் பார்த்தார். கிடைக்கவில்லை.

அன்றும் அப்படித்தான். சாமி மாடிவீடுகளைக் கடைசிக்கு வைத்துவிட்டு, ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் இருந்த ஓலைக் குடிசைகளுக்கு முதலில் போனார். கொடுத்த கடுங்காப்பியைக் குடித்தார். ஒரு கிழவரின் ஊன்றுகோலுக்கும் தீர்த்தம் தெளித்தார்.

'இவரல்லவா சாமி!' என்று நெஞ்சு நிறைந்துபோனது சந்தியாகுவுக்கு.

வெயில் ஏறும் நேரத்தில் சந்தியாகுவின் வீட்டுக்கு வந்தார்கள். மனைவி ரெஜினா முக்காடு போட்டு நின்றாள்.

சாமி வாசலுக்குத் தெளித்தார். அடுப்படிக்குத் தெளித்தார். நடு அறைக்கு வந்தவர் நின்றுவிட்டார். சுவரில் ஒரு பழைய கதவுநிலை தெரிந்தது. அதற்குள் கதவு இல்லை. செங்கல் வைத்து அடைத்திருந்தது.

"இது?"

"சுவர் சாமி."

"அந்தப் பக்கம்?"

"அண்ணன் மிக்கேல் வீடு. அப்பா காலத்துல எல்லாம் ஒரே வீடு."

"ஏன் அடைச்சீங்க?"

"என் மகளுக்கு நிச்சயம் பண்ண வந்தவங்ககிட்ட, பிள்ளைக்கு வலிப்பு வரும்னு சொல்லிட்டான். அந்தச் சம்பந்தம் முறிஞ்சுபோச்சு."

"பொய்யா சொன்னார்?"

"நெசந்தான். அதுக்காகச் சொல்லணுமா?"

"மகள் இப்ப?"

"அதைவிட நல்ல இடத்துல வாக்கப்பட்டு, ராசாத்தி மாதிரி இருக்கா."

"அப்புறம் என்ன?"

"சொன்னது சொன்னதுதானே சாமி!"

ரெஜினா முக்காட்டுக்குள் சிரித்தாள். சந்தியாகு முறைத்தார்.

"அண்ணனுக்கு உடம்பு முடியலைன்னு கேள்விப்பட்டேன்," என்றார் சாமி.

"ஞாயித்துக்கிழமை அவன் மகன் வந்து மெட்ராசுக்குக் கூட்டிட்டுப் போறானாம். வீட்டையும் வித்தாச்சு. இருக்கிற இருப்புக்கு இனி உசுரோட திரும்பவா போறான்? போகட்டும். நான் அவனை மன்னிச்சு ரொம்ப நாளாச்சு. அவன் வந்து ஒரு வார்த்தை கேட்டா, அதைச் சொல்லிருவேன்."

சாமி வாளியில் கைவிட்டு அந்தச் செங்கல்மீது தெளித்தார். பிறகு சுவரைப் பார்த்து, பீடத்தில் நின்று சொல்வதுபோல் உரக்கச் சொன்னார்:

"இந்த வீட்டுக்கும் இதில் வாழும் எல்லாருக்கும் சமாதானம் உண்டாவதாக!"

வீட்டார் ஆமென் சொல்ல வேண்டும். ரெஜினா புருஷன் முகத்தைப் பார்த்தாள். சந்தியாகுவுக்கு வாய் எழவில்லை.

சாமி காத்து நின்றார்.

சுவருக்கு அந்தப் பக்கம் கட்டில் கிரீச்சிட்டது. ஒரு நீண்ட இருமல். பிறகு, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஒரு குரல்.

"ஆமென்."

சந்தியாகு சுவர்ப் பக்கம் திரும்பினார்.

"ஏலே சந்தியாகு," என்றது அந்தக் குரல். "சாமி எம்புட்டு நேரமா நிக்காரு! பதில் சொல்லுலே."

இத்தனை வருசமும் தான் பேசிய பேச்செல்லாம் அந்தப் பக்கம் கேட்டிருக்கும் என்று அப்போதுதான் சந்தியாகுவுக்கு உறைத்தது. ஏசியது, சபித்தது, எல்லாம். அங்கிருந்து ஒருநாளும் ஒரு சுடுசொல் வந்ததில்லை.

வாளியைக் கீழே வைத்தார். கண் கலங்கிவிட்டது.

"ரெஜினா! கடப்பாரை எங்கடி? எடுத்துட்டு வா. இப்பவே இடிக்கேன்!"

சாமி அவர் தோளில் கைவைத்தார்.

"சுவர் இருக்கட்டும். தெருப்பக்கம் அவர் வாசல் திறந்துதானே கிடக்கு?"