உப்புச் செங்கோடன் வாங்கிய குதிரை

கடல் வழியாகக் குதிரையும் கரை வழியாக உப்பும் வந்து சேர்ந்த காலத்தில், முத்துத்துறை என்றொரு பட்டினம் இருந்தது. அங்கே செங்கோடன் என்றொரு உப்பு வியாபாரி இருந்தான். நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து கேளுங்கள், இது அவன் குதிரை வாங்கிய கதை.

செங்கோடன் கழுதைக்குப் பின்னால் நடந்து வளர்ந்தவன். ஏமாந்து ஏமாந்து வியாபாரம் படித்தவன். அவன் விலை பேச வாயெடுத்தால் எதிராளி பாதி விலைக்கு இறங்கிவிடுவான். ஆனால் கோபம் மட்டும் மூக்கு நுனியிலேயே குடியிருந்தது. காலையில் ஒரு கோபம், உச்சியில் ஒரு கோபம், பொழுது சாய ஒரு கோபம். நடுவில் யாராவது சமாதானம் சொன்னால் அதற்குத் தனியாக ஒரு கோபம்.

அந்தப் பட்டினத்தில் ஒரு வழக்கம். ஆண்டுக்கொருமுறை ஒவ்வொரு தொழில்கூட்டமும் அரசன் முன்னால் ஒரு குதிரையை நடத்திக் காட்ட வேண்டும். ஓட்டம் கிடையாது, தாண்டல் கிடையாது. முரசு மெல்ல ஒலித்தால் மெல்ல நடக்க வேண்டும். விரைந்து ஒலித்தால் எட்டி நடக்க வேண்டும். முரசு நின்றால் சிலையாக நிற்க வேண்டும். ஏறுகிறவன் போர்வீரனாக இருக்கக்கூடாது, தொழில் செய்கிறவனாக இருக்க வேண்டும். சாட்டை எடுக்கக்கூடாது, வாய் திறக்கக்கூடாது. எந்தக் குதிரையின் நடை நிறைவாக இருக்கிறதோ, அந்தக் கூட்டத்தின் வண்டிகள்தான் அந்த ஆண்டு முழுக்கக் கோட்டை வாசலில் முதலில் நுழையும்.

உப்பளத்தாருக்குக் குதிரை ஏது? ஆண்டாண்டாக அவர்கள் வண்டிகள் கடைசி. பட்டு போக வேண்டும், மிளகு போக வேண்டும், விறகு போக வேண்டும், அப்புறம்தான் உப்பு. போன ஐப்பசியில் வாசலில் காத்து நின்றபோதே மழை பிடித்துக்கொண்டது. ஒரு கோடை முழுக்க வெயிலில் வெந்து வாரிய உப்பு கரைந்து சாக்கடையில் ஓடியது. இன்னொரு மழைக்கு அவர்கள் தாங்க மாட்டார்கள்.

ஆகவே உப்பளத்தார் எல்லோரும் சேர்ந்து ஒரு குதிரை வாங்கத் தீர்மானித்தார்கள். ஒன்றுதான் முடியும். தவறாக வாங்கினால் மறு குதிரைக்கு வழியில்லை. அவர்களில் ஏறத் தெரிந்தவன் செங்கோடன் ஒருவன்தான். அதுவும் மீசை நரைத்த பிறகு பழகிய சவாரி.

அவன் புறப்படும்போது மனைவி வெள்ளச்சி வாசலை மறித்தாள்.

"ஏய்யா, பாத்து வாங்குய்யா. உன் கோபத்துக்கு நம்ம கழுதை பழகிப்போச்சு. குதிரை பழகுமா?"

"கழுதை பழகினா குதிரை பழகாதா?"

"கழுதைக்குப் போக்கிடம் இல்ல. நானும் அப்படித்தான் இருக்கேன்" என்றாள் அவள்.

துறைமுகத்தில் குதிரை விற்பவர் சுலைமான் மரைக்காயர். அவர் கொட்டடிக்கு முன்னால் பட்டு வியாபாரி திருமேனி முதல் எல்லோரும் கூடியிருந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் அன்றைக்கு மட்டும் சாதுவாகியிருந்தார்கள். ஒருவர் வெல்லம் நீட்டினார், ஒருவர் பிடரியைத் தடவினார், ஒருவர் "கண்ணே" என்று கொஞ்சினார்.

இளங்குதிரைகள் மூன்று நின்றன. முதலாவது வெள்ளை. அப்பா, அது என்ன குதிரை! கால் எடுத்து வைத்தால் தரைக்கே பெருமை என்பதுபோல் வைத்தது. கழுத்தை வளைத்தால் பார்த்தவன் கழுத்தும் வளைந்தது. இரண்டாவது கறுப்பு. மழையில் நனைந்த பாறைபோல் நின்றது. மூன்றாவது செம்மண் நிறப் பெட்டைக் குதிரை. அதை யாரும் ஒரு முறைக்கு மேல் பார்க்கவில்லை.

செங்கோடன் மனசு வெள்ளையிடம் போய்விட்டது. அதன்மேல் தான் ஏறி வருவதுபோலவும் ஊரே வாய் பிளப்பதுபோலவும் ஒரு காட்சி கண்ணுக்குள் ஓடியது. கை நீட்டப் போனான். அப்போது வெள்ளச்சி சொன்னது முள்ளாகக் குத்தியது.

'வாங்குகிற அன்றைக்கு எல்லாரும் நல்லவன்தான். நாளைக்கு இதன்மேல் ஏறப் போவது இந்தச் சாதுவா, நானா?' என்று யோசித்தான். தானும் கொண்டுவந்திருந்த வெல்லத்தை மடியிலேயே முடிந்துகொண்டான். வாங்க வந்தவன் எவனும் செய்யாத காரியத்தைச் செய்தான். சந்தையில் கத்துகிற அதே குரலில் கத்தினான்.

"இது குதிரையா, குளத்துக் கொக்கா?"

வெள்ளை முன்னங்கால்களைத் தூக்கி எழும்பி நின்றது. கயிறு அறுந்தது. மூன்று ஆட்கள் மறித்துப் பிடித்தார்கள். பிடித்த பிறகும் அதன் தோல் நெடுநேரம் நடுங்கியது.

"வெறிபிடிச்ச ஆளா இருக்கியே உப்புக்காரா" என்று திருமேனி சீறினான்.

"ஆமா, அதைத்தான் அதுகிட்டயும் சொல்லிவைக்கிறேன்" என்றான் செங்கோடன்.

கறுப்பின் முன்னால் போய்க் கத்தினான். அது காதுகூட அசைக்கவில்லை. "என்ன பொறுமை பாருங்க" என்றது கூட்டம். செங்கோடன் அதை மெல்லக் கூப்பிட்டான். தடவினான். வெல்லம் காட்டினான். அப்போதும் அது அசையவில்லை. திட்டுக்கும் கொஞ்சலுக்கும் திரும்பாத காது முரசுக்கு எப்படித் திரும்பும் என்று நகர்ந்துவிட்டான்.

செம்மண் குதிரையின் முன்னால் நின்று கத்தினான். அது துள்ளி ஒதுங்கியது. விழி பிதுங்கியது. பயம்தான், ஆனால் கொஞ்ச நேரம்தான். திரும்பி வந்து கழுத்தை நீட்டி அவன் நெஞ்சை மோந்தது. இரண்டாம் முறை கத்தினான். ஓரடி பின்வாங்கி, மறுபடி வந்தது. மூன்றாம் முறை கத்தினான். நின்ற இடத்திலேயே நின்று, ஒரு காதை அவன் பக்கம் வைத்துக்கொண்டு பார்த்தது. அவனுக்குத்தான் வசவு தீர்ந்துபோனது.

மரைக்காயர் சிரித்தார். "முடிஞ்சுதா உப்புக்காரரே, இன்னும் பாக்கி இருக்கா? அது காத்துக்கிட்டு நிக்குது."

துண்டை விரித்தார்கள். அந்தத் துறையில் துண்டுக்கு அடியில் விரலைத் தொட்டுத்தான் விலை பேசுவார்கள். வாங்குகிறவன் மூன்று தடவையாவது துண்டை உதறிவிட்டு, குதிரையின் பல் சரியில்லை, குளம்பு சரியில்லை, சுழி சரியில்லை என்று பழித்தாக வேண்டும். செங்கோடனும் உதறினான், முறைத்தான், நாலு தப்படி நடந்து திரும்பி வந்தான். பழிக்கத்தான் வாய் வரவில்லை. அது அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. விலையைக் குறைத்தான், குதிரையைக் குறைக்கவில்லை.

"குறை சொல்லாம விலையைக் குறைக்கிற ஆளை இன்னைக்குத்தான் பாக்கறேன்" என்று மரைக்காயர் கையைக் கொடுத்தார்.

வெள்ளையைத் திருமேனி வாங்கினான்.

அதன் பிறகு விடியும்போதெல்லாம் செங்கோடன் அளத்து வரப்போரம் பழகினான். விழுந்தான். விழுந்தால் குதிரை நின்றது. கத்தினான். கத்தினால் அது மிரண்டு, மறுபடி வந்தது. ஆனால் கத்திய பொழுதெல்லாம் அதன் நடை மரக்கட்டையானது, கத்தாத பொழுதெல்லாம் தண்ணீர்போல் ஓடியது. அவனுக்கு அது தெரிந்தது. தெரிந்தும் கத்தினான். பழக்கம் அப்படி.

நடைத் திருநாள் வந்தது. தெருவின் இரு பக்கமும் ஊர் திரண்டது.

திருமேனி வெள்ளையில் வந்தான். சும்மா சொல்லக்கூடாது, அந்த நடைக்குக் கண் இரண்டு போதாது. திடீரென்று எங்கோ ஒரு சங்கு முழங்கியது. வெள்ளை மிரண்டது. திருமேனியும் மிரண்டு கடிவாளத்தை வெட்டி இழுத்தான். அது எழும்பி, அவனை உதறிவிட்டு, பூக்கடைகளுக்குள் புகுந்து ஓடிப்போனது. குதிரைமேல் ஒரு குற்றமும் இல்லை. பின்னாளில் தளபதி ஏறியபோது அதே குதிரை நாடே பேசும்படி நடந்தது.

அடுத்து செங்கோடன். செம்மண் குதிரையின் நடையில் பகட்டு இல்லை. முரசும் குளம்பும் ஒரே வீட்டில் பிறந்ததுபோல் ஒத்துப் போயின. பாதித் தெரு கடந்தது.

கூட்டத்திலிருந்து ஒருவன் கூவினான். "அட, உப்பு மூட்டைக்குக் கால் முளைச்சிருக்குடா."

தெருவே சிரித்தது. செங்கோடனுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. வசவு பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. வாய் திறந்தால் எல்லாம் போச்சு. ஓரத்தில் நின்ற உப்பளத்தாருக்கு மூச்சு நின்றது. வெள்ளச்சி கண்ணை மூடிக்கொண்டாள். அவன் தொடை இறுகியது. குதிரையின் நடை தடுமாறியது.

அப்போது அதன் ஒரு காது பின்னால் திரும்பி அவனைக் கேட்டது. 'கத்தப் போகிறாயா? கத்து, நான் மிரண்டுவிட்டு வருகிறேன்' என்பதுபோல் இருந்தது.

செங்கோடன் வாழ்நாளில் முதல் முறையாக ஒரு வசவை மென்று விழுங்கினான். மூச்சை விட்டான். தொடை தளர்ந்தது. காது முன்னால் போனது. நழுவிய தாளத்தைக் குதிரை அடுத்த அடியிலேயே பிடித்துக்கொண்டது. தெருக்கோடியில் முரசு நின்றபோது அதுவும் நின்றது, பிடரி மயிரைத் தவிர வேறொன்றும் அசையவில்லை.

அரசன் நீட்டி முழக்கவில்லை. "அந்தக் குதிரை அவனைப் பொறுத்தது, அவன் அந்தக் குதிரைக்காகப் பொறுத்தான், வாசல் உப்புக்கு" என்றான்.

ஐப்பசி வந்தது. பட்டும் மிளகும் விறகும் ஒதுங்கி நிற்க, உப்பு வண்டிகள் கோட்டைக்குள் நுழைந்தன. கடைசி வண்டியும் கூரைக்கு அடியில் போய் நின்ற பிறகுதான் மழை கொட்டியது.

கேட்டவர்கள் கொண்டுபோக வேண்டியது இதுதான்: துணையைத் தேடுகிறவன் தன் ஆசையை முன்னால் வைத்துத் தேடக்கூடாது, தன் குறையை முன்னால் வைத்துத் தேட வேண்டும்.