அழுகிய கிழங்குக்கும் கணக்கு

ஆலங்குளத்தங்கரையில் அன்று ஒரே கூச்சல்! முயல்கள் ஒன்றையொன்று முண்டித் தள்ளின. குரங்குகள் கிளையில் இடம்பிடிக்கச் சண்டை போட்டன. இருக்காதா பின்னே? அன்றைக்குக் கணக்கு ஒப்பிக்கும் நாளாயிற்றே!

யாருடைய கணக்கு? மழைக்கு முன்னால் செத்துப்போன முள்ளம்பன்றியம்மாவின் சொத்துக் கணக்கு. பாவம், அவள் மகள் சிலும்பி அப்போது சின்னக் குட்டி. முதுகில் முள்கூட விறைக்கவில்லை. அதனால் அம்மா தான் சேர்த்த வள்ளிக்கிழங்கைச் சரிபாதியாகப் பிரித்தாள். ஒரு பாதியைக் கீரியாரிடமும் மறுபாதியைப் பெருச்சாளியாரிடமும் ஒப்படைத்தாள்.

“என் பிள்ளைக்கு முள் விறைக்கிற வரைக்கும் காப்பாத்துங்க. அப்புறம் எல்லார் முன்னாடியும் கணக்குச் சொல்லி அவகிட்ட கொடுத்துடுங்க. காவலுக்குக் கூலியா நீங்களும் கொஞ்சம் சாப்பிடலாம். ஆனா சாப்பிட்டதைச் சொல்லிடணும்!” என்றாள். இருவரும் சரி என்று தலையாட்டினார்கள்.

இப்போது சிலும்பிக்கு முள் விறைத்துவிட்டது. மழையும் ஓய்ந்துவிட்டது. கோடை வந்தால் மண் கல்லாக இறுகிவிடும், ஒரு கிழங்கைக்கூடத் தோண்ட முடியாது. அம்மா விட்டுப்போனதுதான் அவளுக்குச் சாப்பாடு. அது இல்லையென்றால் பட்டினிதான்!

அந்தக் காட்டில் ஒரு வழக்கம். கணக்குச் சொல்லி முடித்தவர் குளத்தில் இறங்கி ஒரு முழுக்குப் போடவேண்டும். முழுகி எழுந்தால் கணக்கு முடிந்தது. அதற்குப் பிறகு யாரும் ஒரு வார்த்தை கேட்கக் கூடாது!

முதலில் கீரியார் வந்தார். தன் பங்குக் கிழங்கைக் கொட்டினார். ஐயோ, அதைப் பார்க்கவேண்டுமே! எல்லாம் சுருங்கிக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் கோணல்மாணலாக முளை. பக்கத்தில் இன்னொரு குவியலையும் கொட்டினார். குப்பென்று நாற்றம்!

“இதென்னய்யா கண்றாவி?” என்று மூக்கைப் பொத்தியது ஒரு குரங்கு.

“அழுகினது. பொந்துல மழைத் தண்ணி புகுந்துடுச்சு. அழுகினதைத் தூக்கிப் போட்டுட்டா, நான் தின்னேனா, அழுகிச்சான்னு இந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? அதான் அதையும் வெச்சிருந்தேன். அடைமழையில வேட்டைக்குப் போக முடியாம நானும் ஒரு கை கிழங்கு தின்னேன். அதுதான் என் கூலி. மீதி இவ்வளவுதாம்மா” என்றார் கீரியார்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. “நல்லா காவல் காத்தீரு போங்க!” என்று கேலி பேசியது. கீரியார் கூனிக்குறுகி ஓரமாக நின்றார்.

அடுத்து நம்ம பெருச்சாளியார்! மீசையை முறுக்கிக்கொண்டு வந்தார். கரையிலேயே இருந்த தன் குழியின் மூடியைத் தள்ளினார். அடேயப்பா! குழி முட்ட முட்டக் கிழங்கு. எல்லாம் கொழுகொழுவென்று இருந்தன!

“ஒண்ணு அழுகலை! ஒண்ணு முளைக்கலை! கூலின்னு நான் ஒரு துண்டு வாயில வைக்கலை! உங்கம்மா கொடுத்தது அப்படியே இருக்கு, பாத்துக்கோ!” என்று முழங்கினார்.

“பெருச்சாளியார் வாழ்க!” என்று கூட்டம் கத்தியது. சிலும்பிக்கும் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. கீரியாரின் கிழங்கிலிருந்து ஒன்றும், பெருச்சாளியாரின் கிழங்கிலிருந்து ஒன்றும் ஆசையோடு எடுத்தாள். இரண்டையும் கடித்தாள். கீரியாரின் கிழங்கு நார்நாராக இருந்தது. பெருச்சாளியாரின் கிழங்கில் சாறு சொட்டியது!

இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரே அம்மா ஒரே நாளில் கொடுத்த கிழங்குதானே இரண்டும்? ஒரு மழைக்காலம் முழுக்க மண்ணுக்குள் கிடந்தது முளைவிடாமல் இருக்குமா?

அதற்குள் பெருச்சாளியார் குடுகுடுவென்று குளத்துக்கு ஓடினார். ஒரு கால் தண்ணீரில் வைத்துவிட்டார்!

“நில்லுங்க மாமா!” என்று அலறிக்கொண்டு குறுக்கே பாய்ந்தாள் சிலும்பி. முதுகு முள்ளெல்லாம் சிலிர்த்து நின்றது. “இன்னும் முழுகாதீங்க! குழியை அடிவரைக்கும் தோண்டிக் காட்டுங்க!”

“என்ன பிள்ளை இது, என்னையா சந்தேகப்படுறே?”

“கீரி மாமா அழுகினதைக்கூடக் காட்டினாரே! நீங்க நல்லதைக் காட்ட ஏன் பயப்படுறீங்க?”

இரண்டு குரங்குகள் குழிக்குள் குதித்தன. மேலே ஓர் அடுக்குத்தான் கிழங்கு. கீழே முழுக்கக் கூழாங்கல்!

“அடப்பாவி!” என்று காடே கத்தியது.

பெருச்சாளியார் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். “மழையில பசி தாங்கலை. கொஞ்சம் கொஞ்சமா எல்லாத்தையும் தின்னுட்டேன். வெளியில சொன்னா மானம் போயிடுமேன்னு, அடியில கல்லைப் போட்டு, நேத்து அவசரமா நாலு கிழங்கு தோண்டி மேலே பரப்பினேன்” என்று விசும்பினார்.

“கொஞ்சம் சாப்பிடலாம், ஆனா சொல்லிடணும்னுதானே எங்கம்மாவே சொன்னாங்க? பசிக்குத் தின்னதை நான் மன்னிச்சிருப்பேன். கல்லை வெச்சு என்னை ஏமாத்தினீங்களே மாமா! கோடையில நான் அந்தக் கல்லையா திங்கறது?” என்று கேட்டாள் சிலும்பி.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “மண்ணு இன்னும் இறுகலை. தோண்டுங்க! குழி நிறையற வரைக்கும் தோண்டுங்க! கீரி மாமா மேற்பார்வை பார்க்கட்டும். அப்புறம்தான் உங்களுக்கு முழுக்கு!”

கீரியார் அப்போதே குளத்தில் இறங்கி நிம்மதியாக ஒரு முழுக்குப் போட்டார். பெருச்சாளியாரோ மண் இறுகும் கடைசி நாள்வரை, மேலெல்லாம் புழுதியோடு தோண்டிக்கொண்டே இருந்தார். குழி நிறைந்தது. சிலும்பியும் அந்தக் கோடையைப் பசியில்லாமல் கழித்தாள்.

பிறர் பொருளைக் காப்பவர் மிச்சத்தை மட்டுமல்ல, நட்டத்தையும் தான் எடுத்துக்கொண்டதையும் ஒளிக்காமல் காட்டுவதே நேர்மையான கணக்கு.