அறுபத்து நான்கு பேர் தூக்கிய பல்லக்கு

முன்னொரு காலத்தில் என்றுதான் தொடங்க வேண்டியிருக்கிறது. போன வாரம் என்று சொன்னால், தன்னைத்தான் சொல்கிறேன் என்று யாராவது சண்டைக்கு வருவார்கள். அந்தக் காலத்து ராஜா ஒருவருக்குத் தைப் பௌர்ணமியன்று தெப்பம் விட வேண்டும் என்று ஆசை பிறந்தது. தெப்பக்குளத்திலோ நாற்பது படிகளைச் சேறு மூடியிருந்தது. சடையாண்டி என்பவன் இருபது ஆட்களை வைத்துத் தூர் வாரினால் நாளுக்கு ஒரு படி வெளியே வரும். பௌர்ணமிக்கு இருபது நாள்தான் இருந்தது.

ராஜா இதைச் சபையில் சொல்லி வருத்தப்பட்டபோது விகடகவி கூத்தபிரான் சும்மா இருந்திருக்கலாம். அவனை யாரும் கேட்கவில்லை. பிறந்ததிலிருந்து ஒரு கூடை மண் சுமந்தவனும் இல்லை. ஆனால் சபையில் கொஞ்சம் மௌனம் விழுந்தால் அதை நிரப்புவது தன் உத்தியோகம் என்று நினைப்பவன் அவன்.

"மகாராஜா, இருபது பேருக்கு நாற்பது நாள் என்றால் நாற்பது பேருக்கு இருபது நாள். இதற்கா இவ்வளவு கவலை?" என்றான்.

ராஜா மகிழ்ந்துபோய் அவனையே மேற்பார்வைக்கு நியமித்தார். கூத்தபிரான் புது அங்கவஸ்திரம் போர்த்திக்கொண்டு, லாயத்திலிருந்து இருபது பேரை ஓட்டிக்கொண்டு குளத்துக்குப் போனான்.

சடையாண்டியின் ஆட்கள் படிகளில் வரிசையாக நின்று, பாட்டுக்கு ஏற்பக் கூடையைக் கைமாற்றுவார்கள். யாரும் கூடையைப் பார்ப்பதில்லை. பாட்டு எங்கே விழுகிறதோ அங்கே கை இருக்கும். புதிதாக வந்தவர்களுக்குப் பாட்டும் தெரியவில்லை, கையும் வரவில்லை. வாரிய சேறு பாதி வழியில் கவிழ்ந்து வாரினவன் தலையிலேயே விழுந்தது. அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதிலேயே பழைய ஆட்களின் பொழுது போயிற்று. ஒரு படி வந்த இடத்தில் அரைப் படிதான் வந்தது.

ஆள் போதவில்லை என்று கூத்தபிரான் முடிவு கட்டினான். அவன்மேல் வெகுநாளாக வயிறெரிந்துகொண்டிருந்த பிரதானி வல்லபராயர், கேட்ட உடனே நாற்பது பேரை அனுப்பிவைத்தார். எக்காளம் ஊதுகிறவர்கள், பூக்கட்டுகிறவர்கள், மடைப்பள்ளிக்காரர்கள் எல்லாரும் வந்தார்கள். ஒருவருக்கு ஒருவர் வழிவிட்டு நிற்பதே வேலையாகிவிட்டது. ஏழு நாளில் மொத்தம் மூன்று படிதான் வெளியே தெரிந்தது.

"சாமி, புதுசா ஒருத்தன் வந்தா அவனுக்குச் சொல்லிக்குடுக்க எங்காளு ஒருத்தன் நிக்க வேண்டியிருக்கு. ஆளு ஏற ஏற வேலை எறங்குது," என்றான் சடையாண்டி.

கூத்தபிரானுக்குப் புரிந்தது. ஆனால் தன் வாயால் போட்ட கணக்கைத் தானே தப்பு என்று சபையில் சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்று ஊருக்கெல்லாம் எடுத்துச் சொன்னவன் அவன்.

வல்லபராயர் அதற்குள் ராஜாவின் காதில் ஓதிவிட்டார். இன்னும் இருநூறு பேரைக் கொடுப்போம், அதன் பிறகும் முடியாவிட்டால் குற்றம் விகடகவியினுடையது, அவனை நாடு கடத்த வேண்டும் என்றார். ராஜாவும் தலையசைத்துவிட்டார். கூத்தபிரானுக்கு வேறு தொழில் தெரியாது. அசலூரில் போய்ப் பிழைக்கலாம் என்றால், அவனுடைய விகடத்தில் பாதி வல்லபராயரின் தொந்தியைப் பற்றியது. அங்கே யார் சிரிப்பார்கள்?

"இருநூறு பேரும் வேலை தொடங்குவதை மகாராஜாவே வந்து பார்க்க வேண்டும். பல்லக்குக்கு நான் ஏற்பாடு செய்கிறேன்," என்று மட்டும் கேட்டுக்கொண்டான்.

மறுநாள் காலை பல்லக்கைச் சுற்றி அறுபத்து நான்கு பேர் நின்றார்கள். ராஜா காரணம் கேட்டார்.

"குளம்வரை போக எட்டுப் பேருக்கு ஒரு நாழிகை ஆகிறது, மகாராஜா. அறுபத்து நான்கு பேருக்கு அதில் எட்டில் ஒன்று, அரைக்கால் நாழிகை. பிரதானியாரும் இந்தக் கணக்கை ஒப்புக்கொள்வார்."

வல்லபராயர் ஒப்புக்கொண்டார். மறுத்தால் இருநூறு பேர் யோசனை என்ன ஆவது?

பல்லக்குத் தூக்குவதில் ஒரு வழக்கம் உண்டு. முன்னால் போகிறவன் தரையைப் பார்த்துக் "கல்லு", "பள்ளம்" என்று குரல் கொடுப்பான். பின்னால் வருகிறவர்கள் அதைத் திருப்பிச் சொல்லிக் காலை மாற்றி வைப்பார்கள். அன்று நீளமாகக் கட்டிய கழிகளின் முனையில் "கல்லு" என்ற குரல் கிளம்பியது. அது கடைசி ஆளைச் சேர்வதற்குள் முன்னால் இருந்தவன் பள்ளத்துக்கு வந்துவிட்டான். முன்பாதி இறங்கியது, பின்பாதி ஏறியது. பழைய எட்டுப் பேரும் தூக்குவதை விட்டுவிட்டுத் தோள் மாற்றும் விதத்தை மற்றவர்களுக்குக் கத்திக் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ராஜாவின் கிரீடம் மூக்குவரை இறங்கியது. ஒரு நாழிகை கழிந்தும் அரண்மனை வாசலைத் தாண்டவில்லை.

இன்னும் பதினாறு பேரைச் சேர்த்தால் சரியாகிவிடும் என்று வல்லபராயர் தொடங்கினார். ராஜா அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கீழே இறங்கினார்.

"கூத்தபிரான், இது யாருடைய கணக்கு?"

"என்னுடையதுதான், மகாராஜா. குளத்தில் ஏழு நாளாக இதைத்தான் நடத்திக்கொண்டிருக்கிறேன். அங்கே கவிழ்வது சேறு என்பதால் தங்களுக்கு வலிக்கவில்லை."

ராஜா குளம்வரை நடந்தே போனார். சடையாண்டியைக் கூப்பிட்டு எத்தனை பேர் வேண்டும் என்று கேட்டார். இதுவரை அவனை யாரும் அதைக் கேட்டதில்லை.

"எங்க இருபது பேரு போதும் மகாராசா. தையில முடியாது. மாசிப் பௌர்ணமிக்குத் தெப்பம் விட்டுடலாம். சேக்க யாரும் வேணாம். ஒருத்தரை மட்டும் கொறச்சுக்கிட்டாப் புண்ணியமாப் போகும்."

"யாரை?"

சடையாண்டி புது அங்கவஸ்திரத்தைப் பார்த்தான்.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தெப்பத்தை மாசிக்கு மாற்றினார். வல்லபராயரை அதே அறுபத்து நான்கு பேர் தூக்க வீட்டுக்கு அனுப்பிவைத்தார். அவர் போய்ச் சேர்ந்தபோது விளக்கு வைத்துவிட்டார்கள். கூத்தபிரானுக்கு ஒரு முத்துமாலை கிடைத்தது. வேலை முடியும்வரை குளக்கரைப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்பது மாலையோடு வந்த நிபந்தனை.

மாசிப் பௌர்ணமிக்கு நான்கு நாள் முன்பே குளம் சுத்தமாகிவிட்டது. அதில் தன் பங்கு என்ன என்று கேட்டவர்களுக்கெல்லாம் கூத்தபிரான் பெருமையாகச் சொன்னான்: "முப்பது நாளுக்கு மேல் நான் வீட்டில் இருந்தேன்."