நாலாவது மூலை

பேச்சிமுத்துவின் நாவல் மூன்றாம் பதிப்பு கண்டுவிட்டது. நெருக்கடி நிலைக் காலத்தில் பக்கத்து ஊரில் ஒளிந்திருந்த கட்சித் தலைவர் ஒருவரைப் போலீஸ் பிடித்துப் போனது நிஜம். காட்டிக்கொடுத்தது யாரென்று மட்டும் இன்றுவரை தெரியாது. தெரியாவிட்டால் கதை நின்றுவிடுமா? அந்த ஊர் மணிக்கூண்டடியில் சைக்கிள் கடை வைத்திருக்கும், கட்டைவிரல் இல்லாத ஓர் ஆளைத் துரோகியாக்கி ஜோராக முடித்துவிட்டான்.

பேரை மாற்றியிருந்தான். கட்டைவிரலை மாற்றவில்லை.

பாராட்டு கிடைக்கும் என்று, அதே ஊரில் இருந்த, தனக்கு எழுதக் கற்றுக்கொடுத்த குற்றாலிங்கத்திடம் போனான்.

“அண்ணாச்சி, ஒரு சந்தேகம். இந்த மாதிரி நாவல்ல நிஜத்தையும் கற்பனையையும் எப்படிப் பிரிக்க?”

குற்றாலிங்கம் துண்டை உதறித் தோளில் போட்டார். “வாரும், ஒரு துட்டி வீட்டுக்குப் போகணும்.”

“யாரு தவறிட்டா?”

“சைக்கிள் கடை சுடலைக்கண்ணு பொஞ்சாதி.”

கட்டைவிரல் இல்லாத அதே சுடலைக்கண்ணு. புத்தகம் வந்த பிறகு அந்தக் கடைக்குப் பஞ்சர் ஒட்டக்கூட யாரும் போவதில்லை என்று பேச்சிமுத்துவுக்குத் தெரியும்.

பந்தலில் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. எதிர்வீட்டுக் கதவுகூடத் திறக்கவில்லை. பாவம், பொஞ்சாதியின் தலைமாட்டில் சுடலைக்கண்ணு ஒண்டியாக உட்கார்ந்திருந்தார்.

“நான் காட்டிக்கொடுக்கல அண்ணாச்சி,” என்றார் குற்றாலிங்கத்தைப் பார்த்ததும். “அது இவளுக்குத் தெரியும். இவ ஒருத்திக்குத்தான் தெரியும்.”

பேச்சிமுத்து வாசலிலேயே நின்றுகொண்டான்.

பாடை தூக்கும் நேரம் வந்தது. ஒரு மூலைக்கு, வெளியூரிலிருந்து அப்போதுதான் வந்து சேர்ந்த அவள் தம்பி வந்தான். இன்னொன்றில் குற்றாலிங்கம் நின்றார். வேறு நாதியில்லாமல், கட்டினவரே மூன்றாவது மூலையைப் பிடித்தார். நாலாவது மூலைக்கு ஆளில்லை.

“அண்ணாச்சி, நான் கிளம்புதேன்,” என்றான் பேச்சிமுத்து மெல்ல. “எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நான்...”

“போம். போகும்போது அந்த மூலைக்கு ஒரு ஆளைக் கற்பனை பண்ணி வச்சிட்டுப் போம்.”

அவன் போகவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்தான். மூங்கில் தோளில் ஏறியது.

சுடலைக்கண்ணு திரும்பிப் பார்த்தார். புத்தகம் எழுதினவனை அவர் நேரில் பார்த்ததில்லை; ஆளை அடையாளம் தெரியவில்லை. “யாரு பெத்த பிள்ளையோ, நல்லாயிரும்யா!”

பாடை நகர்ந்தது. ஆற்றங்கரை வரை தெருவில் ஒரு ஆள் இல்லை. நாலு பேரின் காலடிச் சத்தம் மட்டும் கேட்டது.

“கனக்குதா வே?” என்றார் குற்றாலிங்கம்.

“தாங்க முடியல அண்ணாச்சி.”

“அப்ப அது நிஜம். நடயும்.”