விரிசல் விட்ட வலம்புரி

கடற்கரைப் பாறையோரம் சங்கு நண்டுகள் கூட்டமாக வாழ்ந்தன. அவற்றுக்குச் சொந்த ஓடு கிடையாது. காலியாகக் கிடக்கும் சங்கில் புகுந்துகொள்ளும். அதுதான் வீடு.

கூட்டத்திலேயே பெரிய நண்டுக்கு வாய்த்ததோ வலம்புரிச் சங்கு! எல்லோரும் "வலம்புரியாரே!" என்று அழைத்தார்கள். அந்த மரியாதையில் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

ஒருநாள் பெரிய அலை தூக்கி அடித்தது. சங்கில் விரிசல் விழுந்தது. வலம்புரியார், மணலைக் குழைத்து ஒட்டும் குழாய்ப்புழுவிடம் ஓடினார்.

"அடைச்சிடலாம் ஐயா! நீங்க தேடுற இரையில பாதி எனக்கு!" என்றது புழு.

ஒரு பக்கம் அடைத்தால் மறுபக்கம் பிளந்தது. ஒட்டுக்கு மேல் ஒட்டு. அரைப்பட்டினியில் வலம்புரியார் இளைத்துப்போனார். கடற்காகம் ஒன்று விரிசலை நோட்டம் விட்டபடி மேலே வட்டமிட்டது.

அப்போது பழுப்புச் சங்கு ஒன்று கரை ஒதுங்கியது. அழகில்லை. ஆனால் நல்ல கெட்டி. நண்டுகள் வழக்கப்படி பெரியவர் முதல் சிறியவர் வரை வரிசையில் நின்றன. முதல் நண்டு புதுச் சங்கில் புகுந்தால், அது விட்ட சங்கு அடுத்த நண்டுக்கு.

வலம்புரியார் அசையவில்லை.

"இத்தனை இரையைக் கொட்டியாச்சு! இப்ப விட்டா எல்லாம் வீணாப் போகுமே! நான் விட்டதும் நீ ஓடிவந்து புகுந்துக்குவே, அதானே பவளி?"

இரண்டாவதாக நின்ற பவளி நண்டு சங்கைத் தட்டிப் பார்த்தது.

"ஐயோ, எனக்கு வேண்டாம்ணே! அந்தப் பழுப்புச் சங்கு வேணும்னா கொடுங்க!"

"எனக்கும் வேண்டாம்!" என்றது மூன்றாவது நண்டு. வரிசையின் வால்வரை அதே பதில்தான். பவளி பழுப்புச் சங்கை நோக்கி நகர்ந்தது.

வலம்புரியாருக்குச் சுருக்கென்றது. "சும்மா கொடுத்தாலும் ஒருத்தரும் வாங்காத சங்குக்கா இத்தனை நாள் பட்டினி கிடந்தேன்? நில்லு பவளி! இது என் முறை!"

விருட்டென்று வெளியே வந்தார். பழுப்புச் சங்கில் புகுந்தார். கடற்காகம் பாய்ந்து வந்து அதைக் கொத்தியது. அலகுதான் வலித்தது! ஆத்திரத்தில் வெறும் வலம்புரியைத் தூக்கிப் பாறையில் போட்டது. அது சுக்குநூறானது.

"பரவாயில்லை அண்ணே, அடுத்த சங்கு எனக்கு!" என்று சிரித்தது பவளி. "வலம்புரியாரே" என்று அதன்பின் யாரும் அழைக்கவில்லை. அவரும் அன்று தேடிய இரையை முழுசாகத் தானே தின்றார்.

இதுவரை எவ்வளவு கொட்டினோம் என்று பார்க்காதே. இன்று சும்மா கிடைத்தால் இதை எடுத்துக்கொள்வாயா என்று பார்.