திருமேனி திருத்த முடியாத பொய்

கேட்டு முடித்ததும் மனம் கனத்தால் என்மேல் பழி போடாதீர்கள். இது நல்லவர் ஒருவரின் கதைதான். நல்ல கதை என்று நான் சொல்லவில்லை.

மலையடிவாரத்து ஊர் ஒன்றில் திருமேனி என்பவர் செக்கு வைத்து எண்ணெய் ஆட்டிப் பிழைத்தார். இளவயதில் அவர் வாயைத் திறந்தால் பொய்தான். போகாத ஊருக்குப் போனேன் என்பார், பார்க்காத ஆளைப் பார்த்தேன் என்பார். யாருக்கும் கெடுதல் இல்லாத பொய்கள் என்பதால் அவருக்கும் உறுத்தவில்லை. கல்யாணமான முதல் மாதமே அவர் மனைவி பொன்னாத்தாள், "நீங்க சொல்றதுல எதை நம்புறது, எதை விடுறதுன்னு எனக்குத் தெரியலைங்க" என்றாள். சண்டையாகச் சொல்லவில்லை, அழுதுகொண்டு சொன்னாள். அது அவரைச் சுட்டுவிட்டது.

அன்று முதல் அவர் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். மாலையில் கைகால் கழுவியதும், சாப்பிட உட்காரும் முன், அன்று பேசியதையெல்லாம் ஒருமுறை நினைத்துப் பார்ப்பார். பொய் ஏதாவது தட்டுப்பட்டால், கேட்டவர் வீட்டுக்கே போய், "காலையில் நான் சொன்னது நிஜமில்லை" என்று சொல்லிவிட்டு வந்துதான் சாப்பிடுவார். முதல் வருடம் பாதி நாள் சோறு ஆறிப்போனது. ஊர் சிரித்தது. நாலைந்து வருடத்தில் மாலை நடை குறைந்து, பிறகு நின்றே போனது. முப்பது வருடம் கழிந்தபோது, "திருமேனி சொன்னாரா?" என்று மட்டும்தான் ஊரில் கேட்பார்கள். ஆம் என்றால் பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

பொன்னாத்தாள் நோயில் படுத்தாள். ஒரே மகன் கப்பலேறிப் போயிருந்தான். அவளுக்கு மருந்து வேர் பறிக்க ஒருநாள் விடியலில் திருமேனி மலைக்குப் போனார். அங்கே வெற்றிலைத் தோட்டக்காரன் காத்தான் கொடிக்குக் கம்பு வெட்டிக்கொண்டிருந்தான். இருவரும் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் பிரிந்தார்கள்.

திரும்பி வந்தபோது வாசலில் ஒரு மாலுமி நின்றான். கப்பல் மூழ்கிவிட்டது, மகன் இல்லை என்றான். திருமேனி உள்ளே போனார். வாசலில் ஆள் குரல் கேட்டிருந்த பொன்னாத்தாள், "என்ன சேதிங்க? நீங்க சொன்னா நம்புறேன்" என்றாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "கப்பல் கரைக்கு வந்துடுச்சு. அமாவாசைக்குள்ள வந்துடுவான்" என்றார். அவள் சிரித்தாள். பொழுது சாய்வதற்குள் உயிர் போய்விட்டது.

முப்பது வருடத்தில் திருத்த முடியாத முதல் பொய் அது. கேட்டவள் இல்லை. அதன்பின் ஒவ்வொரு மாலையும் அவர் கைகால் கழுவிவிட்டு நின்றார். அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து வைத்த சோற்றைத் தொடவில்லை.

அவர் மலையில் இருந்த அதே விடியலில் ஊரின் ஏரிக்கரையை யாரோ வெட்டிவிட்டார்கள். கீழே குடிசையில் இருந்த தாயும் மகளும் வெள்ளத்தில் போனார்கள். கரைமேல் காத்தானின் மண்வெட்டி கிடந்தது. தண்ணீர் விடும் முறைக்காக அவன் முந்தின வாரம் ஊரறியச் சண்டையும் போட்டிருந்தான். பதினோரு நாள் கழித்து, காலையில் அவனை விசாரிக்க ஊர்ச் சபை கூடியது. குற்றம் உறுதியானால் மறுநாள் விடியலில் தூக்கு. அதை நிறுத்த அரசரால்தான் முடியும். அரண்மனை அரைநாள் நடைத் தொலைவில் இருந்தது.

காத்தானுக்கு ஒரே சாட்சி திருமேனி. அந்தச் சபையில் சாட்சி சொல்ல வருபவர் வலக்கையில் நீர் ஏந்தி, 'இந்த ஆண்டில் நான் அறிந்து பொய் சொன்னதில்லை' என்று முதலில் சொல்ல வேண்டும். சொல்லாதவர் சாட்சி செல்லாது. அன்றாடம் புளுகுகிறவர்களும் இதைக் கூசாமல் சொல்லிவிட்டுப் போவார்கள்.

சபைத் தலைவர் நீலகண்டர், "உம்மைப் போய்க் கேட்கிறேன். முறைக்காகச் சொல்லிவிடும்" என்றார்.

திருமேனி யோசித்தார் என்று சொல்ல மாட்டேன். பழக்கம் முந்திக்கொண்டது. "சொன்னேன். பதினோரு நாளைக்கு முன்னால், சாகக் கிடந்த என் மனைவியிடம்" என்றார். நடந்ததையும் சொன்னார். சபையில் பலர் கண்ணைத் துடைத்தார்கள்.

காத்தான் அழுதான். "அய்யா, அது பொய்யில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்கய்யா. எனக்கு ரெண்டு பொட்டப்புள்ளைங்க."

திருமேனி இல்லையென்று தலையை ஆட்டினார்.

நீலகண்டர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. இருபது வருடமாக ஒருவருக்கும் வளையாதவர் அவர். "உமக்காக இன்று முறையை வளைத்தால் நாளை யாருக்கு மாட்டேன் என்பேன்?" என்று சொல்லி, சாட்சியைத் தள்ளினார். திருமேனி கையிலிருந்த நீரைத் தரையில் விட்டுவிட்டு, தலையைக் குனிந்தபடி வீட்டுக்கு நடந்தார். மறுநாள் விடியலில் காத்தானைத் தூக்கில் போட்டார்கள்.

மனைவியிடம் பொய் சொன்னார் திருமேனி. சபையில் உண்மை சொன்னார் திருமேனி. முறை தவறாமல் நடந்தார் நீலகண்டர். குற்றமில்லாத ஒருவன் செத்தான். இதில் யார் செய்தது தவறு?

விடை: மனைவியிடம் சொன்ன பொய்யை நான் குற்றமாகச் சொல்ல மாட்டேன். அவளுக்காகக் கற்ற பழக்கத்தை அவளுக்காகவே ஒருமுறை மீறினார். சபையில் சொன்ன உண்மையும் குற்றமில்லை. யாருக்குமே தெரியாத பொய்யை, மறைத்தால் ஓர் உயிர் பிழைக்கும் என்ற நேரத்திலும் மறைக்க முடியாதவரைவிட நம்பத்தகுந்த சாட்சி எந்த ஊரில் கிடைக்கும்? அப்படிப்பட்ட சாட்சி எதிரில் நின்றும் நீலகண்டருக்குத் தெரியவில்லை. இருபது வருடம் வளையாமல் இருந்து பழகியவருக்கு, எதற்காக வளையவில்லை என்பது மறந்துபோயிருந்தது. ஆகவே முதல் தவறு அவருடையது. ஆனால் திருமேனியையும் நான் விடுவதாக இல்லை. அவர் வெளியே வந்தபோது பொழுது உச்சிக்கு ஏறவில்லை. அரசரிடம் போய்த் திரும்ப அரைப் பகலும் ஓர் இரவும் மீதி இருந்தது. அவர் வீட்டுக்குப் போனார். தன் சொல்லில் கறை விழுந்துவிட்டதே என்று நினைத்துக்கொண்டே போனார். அந்த நினைப்பில் காத்தானின் கழுத்துக்கு இடமில்லாமல் போனது.